காலி தோசையும் இனிப்புச் சாம்பாரும்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பழைய சாலை வழியாக விடியற்காலையில் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் அந்தச் சாலையோரத்துச் சிற்றூர்களின் காலைப் பலகாரம் உங்களுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றதும் பிடதி வரும். அங்கே சிறு தட்டளவு அகலமான தட்டே இட்லி, அதன்மேல் உருகிக்கொண்டிருக்கும் வெண்ணெய். பின்பு பட்டுக்கூடு சந்தை கூடும் ராமநகரம், மரப்பொம்மைகளின் சென்னபட்டணம், அதற்கப்பால் வடைக்குப் பேர்போன மத்தூர், பிறகு கரும்பும் சர்க்கரையுமாகிய மண்டியா. ஒவ்வோர் ஊரிலும் காலையில் மாத்திரம் திறந்து, பதினொரு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும் சிறு ஹோட்டல்கள் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்றைக் குறித்தே எழுதுகிறேன். ஊரையும் கடையையும் பேர் சொல்லப்போவதில்லை. அதன் காரணம் போகப்போக உங்களுக்கு விளங்கும். ஏழெட்டு மேஜைகள், ஒரு தோசைக்கல், வாசலையொட்டிக் கல்லா, உள்ளே இட்லி வேகும் பெரிய பெட்டி. இவ்வளவே அந்தக் கடை. அதைப் பற்றி எங்கள் பகுதியில் பத்துப்பேரிடம் கேட்டால் பத்து விதமான பதில் வரும். "அந்த இட்லிக்காகவே மைசூருக்குப் போகலாம்" என்பார் ஒருவர். "காசை வாங்கிக்கொண்டு கல்லைக் கொடுத்தான்" என்பார் அவர் மைத்துனர். இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்லர். அப்படியானால் ஒரே கடை எப்படி ஒருவருக்கு விருந்தும் மற்றொருவருக்கு வருத்தமுமாயிற்று?

முதலாவது பாஷையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையினிமித்தம் புதிதாகப் பெங்களூருக்கு வந்திருந்த ஓர் இளந்தம்பதியர் அந்தக் கடையில் அமர்ந்து, என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சர்வர், "இட்லி, வடே, காலி தோசே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றான். நம் காதில் அது எப்படி விழும்? தோசை காலி, அதாவது தீர்ந்துவிட்டது என்றுதானே! அவர்கள் இட்லியை மாத்திரம் வாங்கி உண்டார்கள். ஐந்து நிமிடத்தில் அடுத்த மேஜைக்குப் பொன்னிறமாய்த் தோசைகள் வந்திறங்கின. "தமிழ் பேசுகிறோம் என்பதால் நமக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்கள்" என்று அந்தச் சகோதரி கண்கலங்கிவிட்டாள். கன்னடத்தில் 'காலி தோசை' என்றால் உள்ளே மசாலா வைக்காத, பெரும்பாலும் சற்றுத் தடிப்பாக வார்க்கப்படும் வெறுந்தோசை என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் காலை வேறுவிதமாய் இருந்திருக்கும். அயலூரில் பிழைக்க வந்திருக்கிற நமக்கு, நம்மை ஒதுக்குகிறார்களோ என்ற அச்சம் எப்போதும் தோளுக்கருகிலேயே நிற்கிறது. சில வேளைகளில் அது உண்மையாயிருப்பதும் உண்டு. ஆனால் அன்று அது ஒரு சொல்லின் பிசகு மாத்திரமே.

இரண்டாவது சாம்பார். கர்நாடகத்தில், அதிலும் பழைய மைசூர்ப் பகுதியில், சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது வழக்கம். மிளகாயும் நிறத்தைக் கொடுக்குமளவு காரத்தைக் கொடாத பியாடகி வகையாயிருப்பதால், பார்வைக்குச் சிவந்து, நாவுக்குத் தித்திப்பாக இருக்கும். திருநெல்வேலிக்காரருக்கோ மதுரைக்காரருக்கோ அது பாயசத்தின் தம்பிபோலத் தோன்றுகிறது. நம் ஊருக்கு வரும் கன்னடக்காரர்களோ, "சாம்பாரா இது, புளித்தண்ணீரா?" என்று கேட்கிறார்கள். நான் 20 ஆண்டுகளாக இங்கே குடியிருந்தும் அந்த இனிப்போடு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை என்பதை ஒத்துக்கொள்ளுகிறேன். ஆயினும் அது சமையலின் குற்றமல்ல, அவர்கள் வழக்கம். வேண்டாமென்றால் காரச் சட்னியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சர்வர் "டிப்பா, செபரேட்டா?" என்று கேட்கும்போது, சாம்பாரில் மூழ்கடித்துத் தரவா, தனிக் கிண்ணத்தில் தரவா என்பதே கேள்வி. விளங்காமல் தலையசைத்தீர்களானால் வடை மூழ்கித்தான் வரும். பின்பு மொறுமொறுப்பு இல்லையே என்று முறுமுறுப்பதில் பயனில்லை.

மாவும் நேரமும்

இவை இரண்டும் நம் பக்கத்துக் காரணங்கள். கடையின் பக்கத்திலும் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொள்ளுவது நல்லது. இட்லி மாவு ஓர் உயிருள்ள பொருள். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவெல்லாம் வேலைசெய்து, வாயுவை உண்டாக்கி, மாவைப் பொங்கப்பண்ணுகின்றன. சென்னையின் வெக்கையில் அது விரைவாக நடந்துவிடும். பெங்களூர்ப் பக்கத்திலோ மார்கழி, தை மாதங்களில் இரவின் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே எட்டு மணி நேரத்தில் மாவு பாதிதான் பொங்கும். தட்டே இட்லிக்கு அவலோ ஜவ்வரிசியோ சேர்த்து அரைப்பதால் மென்மை கூடும். ஆனாலும் பொங்காத மாவை எதுவும் காப்பாற்றாது. ஜனவரியில் சென்றவர் "கல்" என்றதற்கும் ஏப்ரலில் சென்றவர் "பஞ்சு" என்றதற்கும் இது ஒரு காரணம். அனுபவமுள்ள மாஸ்டர் குளிர்காலத்தில் முன்னதாகவே அரைத்து, அடுப்பின் அருகே பாத்திரத்தை வைப்பார். அவர் விடுப்பில் போய், அவர் இடத்தில் நிற்கிறவருக்கு அது தெரியாதபோது வாடிக்கையாளரின் தட்டு அதைச் சொல்லிவிடும்.

தோசைக்கல்லின் காரியமும் அப்படியே. கல் மிகவும் சூடாயிருந்தால் மாவு கரண்டியோடு ஒட்டிக்கொண்டு பரவாது. அதற்காகத்தான் மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் துடைக்கிறார். ஒரே நேரத்தில் எட்டுத் தோசைக்கு மாவை ஊற்றும்போது கல் சட்டென்று குளிர்ந்துவிடும். அது மறுபடியும் சூடேறுவதற்குள் அடுத்த எட்டை ஊற்றினால் வெளுத்த தோசைதான் கிடைக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வாசலில் நான்கு கார்கள் நின்றுகொண்டு ஒலியெழுப்பும்போது, சூடேறும்வரை எந்த மாஸ்டர் காத்திருப்பார்? வடையை ஏழு மணிக்குக் கூடைகூடையாகப் பொரித்து வைப்பார்கள். பத்து மணிக்கு வருகிறவர் ஆறிய வடையையே காண்பார். காபியிலும் முதல் டிகாக்ஷன் முந்தினவருக்கு, இரண்டாம் டிகாக்ஷன் பிந்தினவருக்கு. ஆகையால் ஏழரைக்குச் சாப்பிட்டவரும் பத்தரைக்குச் சாப்பிட்டவரும் ஒரே கடையைக் குறித்துச் சொல்லும் இரண்டு சாட்சிகளும் மெய்யானவையே.

வாடிக்கையாளரின் அவசரத்தால் நன்மை விளைந்ததாகவும் ஒரு கதை உண்டு. 1917-ஆம் ஆண்டு வாக்கில் மத்தூர் ரயில் நிலையத்தில் பக்கோடா விற்றுவந்த ஒருவர், ரயில் குறித்த நேரத்துக்கு முந்தி வந்துவிட்டதால், இருந்த மாவைக் கையால் தட்டையாகத் தட்டிப் பொரித்து நீட்டினாராம். அதுவே மத்தூர் வடையாயிற்று என்று அவ்வூரார் சொல்லுகிறார்கள். ரவை, மைதா, அரிசி மாவு, வெங்காயம் சேர்ந்த அந்த வடை இன்றும் மைசூர் ரயில்களில் விற்கப்படுகிறது.

எங்கள் பதினேழு பேர்

இனி என் சொந்தக் காரியத்தைச் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஒரு திருமணத்திற்காக நாங்கள் பதினேழு பேர் வேனில் மைசூருக்குப் புறப்பட்டு, அந்தக் கடையில் இறங்கினோம். மணி ஒன்பதரை. இட்லி கெட்டியாயிருந்தது. வடை ஆறிப்போயிருந்தது. கேட்ட தண்ணீர் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே சர்வர். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். பில் வந்தபோது பதினேழு காபிக்குப் பதிலாகப் பத்தொன்பது காபி எழுதியிருந்தது. ஏற்கெனவே மனம் கசந்திருந்த எனக்கு அது போதுமானதாயிற்று. கல்லாவுக்குப் போய், "வெளியூர்க்காரர்கள் என்றால் ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பா?" என்று சத்தமாகவே கேட்டேன். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முதலாளி அந்தத் தம்பியை அழைத்தார். அவன் "பத்தொன்பது கொடுத்தேன், சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். முதலாளி எல்லாருக்கும் முன்பாக அவனைக் கடிந்துகொண்டு, அந்த 30 ரூபாயை அவன் கூலியில் பிடித்துக்கொள்ளுவதாகச் சொல்லி, எங்கள் பில்லில் கழித்துவிட்டார்.

வேன் பத்துக் கிலோமீட்டர் கடந்திருக்கும். பின்சீட்டிலிருந்த எங்கள் வாலிபர்களில் ஒருவன், "அங்கிள், நானும் இவனும் இரண்டாவது காபி வாங்கினோம், அதையும் சேர்த்தா சொன்னீர்கள்?" என்றான்.

திருமண நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேனைத் திருப்பச் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. சாயங்காலம் திரும்பும்போது கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். சாயங்காலம் அந்தக் கடை பூட்டியிருந்தது. அதன்பின் நான் அவ்வழியே சென்றது இரண்டு மாதம் கழித்துத்தான். அந்தத் தம்பியைக் காணோம். முதலாளியிடம் காரியத்தைச் சொல்லி 30 ரூபாயை நீட்டினேன். அவர் வாங்காமல், தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார்: "நான் பிடிக்கவில்லை, சாமி. கஸ்டமர் முன்னால் அப்படிச் சொல்லாமல் முடியுமா? ஆனால் அவனே சம்பள நாளில் 30 ரூபாயைக் கல்லாவில் வைத்துவிட்டான். அடுத்த வாரம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்." எந்தக் கடைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பெங்களூரில் நின்றபடியே சாப்பிடும் தர்ஷினிக் கடைகளுக்குக் குறைவா?

வாசகரே, குறை சொல்லவே கூடாது என்று இதை நான் எழுதவில்லை. கெட்டுப்போன உணவைக் கொடுத்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பில்லில் கேளாமலே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால், அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஜி.எஸ்.டி.யில் கம்போசிஷன் முறையைத் தெரிந்துகொண்ட சிறு ஹோட்டல், வாடிக்கையாளரிடம் வரியைத் தனியே வசூலிக்கலாகாது. முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் முதலாவது டம்ளர்களை எண்ணிப் பார்த்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை.

2023 மார்ச்சில் 118 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய விரைவுச்சாலை திறக்கப்பட்டது. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய எல்லா ஊர்களையும் அது புறவழியாகக் கடந்து போய்விடுகிறது. மூன்று மணி நேரப் பிரயாணம் ஒன்றரை மணி நேரமாயிற்று என்று நாம் சந்தோஷப்பட்டோம், நானும்தான். பழைய சாலையோரத்து ஹோட்டல்களில் கூட்டம் சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் விரைவுச்சாலையில் செல்லத் தடை வந்ததால், பைக்கில் போகிறவர்கள் மாத்திரம் இன்னும் ஊர்களுக்குள் வருகிறார்கள். நான் சொன்ன கடையில் இப்போது நான்கு மேஜைகள்தான். சர்வர் ஒருவன், ஒடிசாவிலிருந்து வந்தவன், தமிழும் கன்னடமும் அவனுக்கு ஒன்றுபோலத்தான். கூட்டம் குறைந்ததால் தோசைக்கல் சூடேற நேரம் கிடைக்கிறது; ஒருவேளை அதனால்தானோ என்னவோ, தோசை முன்னிலும் நன்றாக வருகிறது.

அங்கே போக விரும்பினால் விரைவுச்சாலையை விட்டு முன்னதாகவே இறங்கிவிடுங்கள். இறங்கும் வழியைத் தவறவிட்டால் திரும்புவது கடினம். ஏழரை மணிக்குப் போய்ச் சேருங்கள். தட்டே இட்லிக்கு வெண்ணெய் கேளுங்கள். வடைக்குச் சாம்பாரைத் தனியே கேளுங்கள். காபியை இருவர் பகிர்ந்துகொள்ள 'பை-டூ' என்றால் இரண்டு டம்ளர்களில் ஊற்றித் தருவார்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சென்ற மாதம் மனைவியோடு போயிருந்தேன். வழியில் டயர் பஞ்சரானதால் ஒன்பதே முக்காலாகிவிட்டது. பில்லில் ஒரு காபி குறைவாக எழுதியிருந்தது. சொன்னேன். அந்தப் பையன் மேஜையிலிருந்த டம்ளர்களை எண்ணிப் பார்த்து, சிரித்துக்கொண்டே திருத்தினான். காபி நன்றாயிருந்தது. வடை ஆறித்தான் இருந்தது.