டீசல் வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் அவசியமா?

காய்கறி ஏற்றும் டீசல் மினி லாரிக்கு, கூடுதல் விலை கொடுத்து சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள்.

கடுங்குளிரிலும் கெட்டியாகாமல் ஓடும். அதிகச் சூட்டையும் தாங்கும். இதுதான் அதன் சிறப்பு. நம் சமவெளியில் உறைபனி இல்லை. தினமும் முழுப் பாரத்துடன் மலைப்பாதை ஏறும் டர்போ வண்டிக்குப் பலன் உண்டு. பக்கத்துச் சந்தைக்குப் போய்வரும் பழைய வண்டிக்கு, கையேட்டில் சொன்ன 15டபிள்யூ-40 சாதா ஆயிலே போதும்.

எந்த ஆயிலிலும் புகைக்கரி சேரும். ‘விலை உயர்ந்த ஆயில்தானே’ என்று கையேட்டின் கெடுவைத் தாண்டி ஓட்டினால் பேரிங் தேயும். உரிய கிலோமீட்டரில் ஆயில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் ஏர் ஃபில்டரையும் கவனியுங்கள்.

பி.எஸ்-6 வண்டியில் கரி வடிகட்டி இருந்தால் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். கையேடு குறிப்பிடும் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்து, மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய செலவு வைக்கும்.