நான்கு பாகைத் திருப்பம்

1956 ஜூலை 25 இரவு. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில் பனிமூட்டம். நியூயார்க் நோக்கி வந்த இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆந்த்ரேயா டோரியாவும், அங்கிருந்து கிளம்பிய ஸ்வீடன் கப்பல் ஸ்டாக்ஹோமும் எதிரெதிரே வந்தன. இரண்டிலும் ரேடார் இருந்தது. பல கடல் மைல் தள்ளி இருக்கும்போதே ஒன்று வருவது மற்றதற்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் மோதின. 51 பேர் இறந்தனர். டோரியா மறுநாள் காலை மூழ்கியது.

அன்றைய ரேடார் எதிர்க்கப்பல் இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும், அவ்வளவுதான். அது எந்தப் பக்கம் போகிறது என்று அறிய, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புள்ளியைக் குறித்துக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். டோரியாவில் அப்படி யாரும் போடவில்லை. பனியிலும் ஏறக்குறைய 22 நாட் வேகம். ஸ்டாக்ஹோம் தமக்கு வலப்புறமாகக் கடக்கும் என்று நம்பிய டோரியாவின் கேப்டன், இடைவெளியைக் கூட்ட இடப்பக்கம் நான்கு பாகை திருப்பினார். ஸ்டாக்ஹோமின் அதிகாரியோ, டோரியா தமக்கு இடப்புறமாகப் போகும் என்று கணக்குப் போட்டு வலப்பக்கம் திருப்பினார். விலகுவதாக நினைத்து இருவரும் நெருங்கினார்கள்.

என்னைக் கேட்டால், பனிமூட்டத்தைவிட அந்த நான்கு பாகைதான் பெரிய வில்லன். அவ்வளவு சிறிய திருப்பம் எதிர்க்கப்பலின் ரேடாரில் தெரியவே தெரியாது. 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் இதை நேராகவே சொல்கின்றன: திருப்பினால் அடுத்தவருக்குப் பளிச்சென்று தெரியும்படி திருப்ப வேண்டும். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். அரைகுறை ரேடார் தகவலை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது.

மோதல் வருமா என்று அறியும் சோதனை ஒன்று மிகப் பழையது. வரும் கப்பலைத் திசைகாட்டியில் பார்த்துக்கொண்டே இருங்கள். தொலைவு குறையக் குறைய அது தெரியும் திசை மட்டும் மாறாமலே இருந்தால், மோதல் நிச்சயம்.

இந்தக் கணக்கை இன்று ரேடாருடன் இணைந்த கணினியே போடுகிறது. எவ்வளவு அருகில், எத்தனை நிமிடத்தில் இரண்டும் கடக்கும் என்று சொல்லிவிடும். பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னும் அதற்கு மேலுமான கப்பல்களில் ஏஐஎஸ் கருவியும் கட்டாயம். கப்பலின் பெயர், இடம், திசை, வேகம் ஆகியவற்றை அது ரேடியோவில் அறிவித்துக்கொண்டே இருக்கும். இத்தனைக்குப் பிறகும், 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் வெளியேறிய எரிவாயுக் கப்பலும் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ள வேண்டியிருந்தது.

சிறு ஃபைபர் படகுகளுக்கு அந்த 300 டன் விதி பொருந்தாது. ரேடாரிலும் அவற்றின் எதிரொலி மங்கல்தான். கடல் கொந்தளித்தால் அலைகளின் எதிரொலியோடு கலந்துபோகும். இரவில் வலை விரித்துக் காத்திருக்கும் படகைக் கண்டுபிடிக்க, கப்பலின் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு ஒருவர் விழித்திருக்க வேண்டும். கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனிக்கச் சொல்லும், மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாம் விதி இன்னும் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.