ரதி வேடமும் நாடாளுமன்ற நாற்காலியும்

மாசியில் மூன்றாம் பிறை கண்டதும் இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வரை தப்புச் சத்தம் லயங்களை அதிரவைக்கும். மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டம் வந்துவிட்டால், இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த ரதிக்குச் சேலை உண்டு, சவுரி உண்டு, வளையலும் உண்டு. உள்ளே இருப்பது ஆண். ஒப்பாரி பெண்களுடைய சொத்து. அதையும் ஆண்குரலில்தான் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது.

சங்கக் கூட்டமும் அப்படித்தான் நடந்தது. கொழுந்துக் கூடை பெண்ணின் தலையில் தொங்கும். தொழிற்சங்கச் சந்தா அவள் சம்பளத்திலும் பிடிக்கப்படும். தோட்டத் தலைவர் மட்டும் எப்போதும் ஆண். மாதர் தலைவி என்றொரு பதவி பின்னாளில் வந்தது. பேச்சுவார்த்தை மேசைக்கு அவளை அழைத்தவர்கள் குறைவு.

இந்த வழக்கத்தை முதலில் மீறியவர்களில் ஒருவர் மீனாட்சி அம்மாள், ஹட்டனிலிருந்து தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரின் துணைவி. வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம் அது. நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனதாகச் சொல்வார்கள். மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார், தாமே பாட்டுக்கட்டி அச்சிட்டுப் பரப்பினார். எழுத்து தெரியாத சனத்துக்குத் துண்டுப்பிரசுரத்தைவிடப் பாட்டுத்தான் நெஞ்சில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அரசியலின் முதல் பெண்குரல்களில் ஒன்று மேடையில் பாட்டாகவே ஒலித்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

கலையிலிருந்து அதிகாரத்துக்குப் போனவர்கள் உலகில் உண்டு. சீனாவில் 'செம்படை மகளிர்' பாலேயில் நாயகனாக ஆடிய லியூ சிங்தாங், கலாசாரப் புரட்சிக் காலத்தில் கலாசாரத் துணை அமைச்சர் வரை ஏறினார். மாவோ இறந்தபின் சிறைக்குப் போனார். அவரை மேலேயிருந்து ஒரு கை தூக்கிவிட்டது. தோட்டத்துப் பெண்ணைத் தூக்கிவிட அப்படி எந்தக் கையும் இருக்கவில்லை.

வாக்குச்சீட்டு ஒன்றுதான் இருந்தது. அதையும் பறித்தார்கள். 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம். அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட, குடும்பங்களே பிரிந்தன. தெமோதரையிலும் பதுளையிலும் ரயிலேறியவர்களை வழியனுப்பிய ஒப்பாரிக்குக் கூத்தும் தப்பும் தேவைப்படவில்லை. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை காத்திருந்தோம்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தபோது, பிரதேச சபைக்குள் தோட்டத்துப் பெண்கள் நுழைய ஒரு வழி பிறந்தது. 2024 நவம்பர் 14 தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தேசிய மக்கள் சக்தியில் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. வாக்குரிமை வந்து 93 ஆண்டுகள்! அந்தச் செய்தி வந்த காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு நடந்த பெண்களில் எத்தனை பேர் தங்கள் பாட்டிகளை நினைத்திருப்பார்கள்!

இப்போது ஹாலிஎலையிலும் பசறையிலும் பள்ளிக்கூட மேடையில் சலங்கை கட்டி ஆடுகிறவர்கள் சிறுமிகள்தான். ஆனால் மாசி பிறந்து காமன் பொட்டலில் கம்பம் நட்டுவிட்டால், பல தோட்டங்களில் இன்றும் ரதியின் சேலையைக் கட்டிக்கொள்கிறவர் ஓர் ஆண். தோட்டத்துப் பெண்களுடைய பிரதிநிதி நாடாளுமன்றத்தில் பேசுகிறார். பொட்டலின் ஓரத்தில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்து நிற்கிறார்கள்.