திரும்புவது பெற்றோர், புதிதாய் வருவது பிள்ளைகள்

கடந்த கோடையில் நம் கிளை ஒன்றுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுகள் வளைகுடா நாட்டில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய தந்தை, தம் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வந்திருந்தார். பன்னிரண்டு வயது மகளுக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குவதாக ஏற்பாடு. படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டிருந்த சிறுமி, 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "இதில் எந்த வீட்டை எழுதுவது அப்பா?" என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் சாவியை முந்தைய வாரம்தான் உரிமையாளரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

தாயகம் திரும்புதல் என்று நாம் சொல்வது பெற்றோரின் பார்வையில் மட்டுமே பொருந்தும். பிள்ளைகளுக்கு அது திரும்புதல் அன்று, குடிபெயர்தல். விடுமுறைக்கு வந்து சென்ற பாட்டி வீடு வேறு. பள்ளியும் தெருவும் பேச்சுவழக்கும் சேர்ந்த அன்றாட வாழ்க்கை வேறு. ரூத் ஹில் யூசிம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இத்தகைய பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று அழைத்தார். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் தமக்கென ஒன்றை அவர்கள் அமைத்துக்கொள்கிறார்கள்.

வளைகுடா நாடுகளில் பிறப்பதனால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. பிள்ளையின் வசிப்புரிமை பெரும்பாலும் பெற்றோரின் வேலையைச் சார்ந்தே நிற்கிறது. ஆகவே, திரும்புவது உறுதி, நாள்தான் தெரியாது. 1990இல் குவைத் மீது ஈராக் படையெடுத்தபோது, சுமார் 1,70,000 இந்தியர் பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்டனர். 2020 மே மாதம் தொடங்கிய 'வந்தே பாரத்' விமானங்களிலும் வேலையிழந்த குடும்பங்கள் பல வந்தன. இப்படித் திடீரெனப் புறப்பட்ட பிள்ளைகளுக்குத் தோழர்களிடம் விடைபெறவும் நேரம் இருந்திருக்காது. முன்கூட்டியே திட்டமிடும் வாய்ப்புள்ள பெற்றோர், அந்த வாய்ப்பைப் பிள்ளைக்கும் அளிக்க வேண்டும். முடிவைப் பயணச்சீட்டு வாங்கிய பிறகு அறிவிப்பதைவிட, முன்பே பேசுவது நன்று.

பள்ளியும் மொழியும்

திரும்பும் ஆண்டைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் மாணவர் பதிவு 9, 11ஆம் வகுப்புகளில் நடைபெறுகிறது. 10, 12ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே, இயன்றவரை 9ஆம் வகுப்புக்கு முன்போ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்போ இடம் பெயர்வது எளிது. பள்ளி மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் உரிய மேலொப்பத்துடன் அங்கிருக்கும்போதே பெற்றுவிட வேண்டும். இங்கு வந்த பின் முயல்வது அலைச்சல்.

மொழி மற்றொரு மேடு. வீட்டில் தாய்மொழி சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அதை எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாடு 2006இலும், கேரளம் 2017இலும், தெலங்கானா 2018இலும் பள்ளிகளில் மாநில மொழியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியுள்ளன. வெளியிலிருந்து வரும் மாணவர்க்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சேர்க்கையின்போதே கேட்டறிவது நலம். புறப்படுவதற்கு ஓராண்டு முன்பிருந்தே நாள்தோறும் அரைமணி நேரம் எழுத்துப் பயிற்சி அளித்தால், வகுப்பில் தலைகுனிய நேராது.

குடியுரிமை

அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் நிலை வேறு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவர்கள் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. அட்டை பெற்று இங்கு தங்கிப் படிக்கலாம். எனினும், 2021 மார்ச் 4ஆம் நாளிட்ட அறிவிக்கையின்படி, மருத்துவம், பொறியியல் போன்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் அவர்கள் வெளிநாடுவாழ் இந்தியர்க்குரிய இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும். அந்நாளுக்கு முன் அட்டை பெற்றவர்களை இது பாதிக்காது என 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவப் படிப்பைக் கனவு காணும் பிள்ளையின் பெற்றோர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கணக்குகள்

நிலையாகத் தங்கும் நோக்குடன் திரும்பியதும் அதை வங்கிக்குத் தெரிவிப்பது கடமை. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகள் உள்நாட்டுக் கணக்குகளாக மாற்றப்படும். பிள்ளையின் பெயரில் உள்ளவற்றையும் மறந்துவிடக் கூடாது. எஃப்.சி.என்.ஆர். வைப்புத் தொகை முதிர்வு நாள் வரை தொடரலாம். அந்நியச் செலாவணியாகவே வைத்திருக்க விரும்புவோர்க்கு ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு. பிள்ளையின் மேற்படிப்பு வெளிநாட்டில் என்றால் இது பயன்படும்.

பத்து வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி வகுத்துள்ள வரம்புக்குள், சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம். திர்ஹமிலும் டாலரிலும் விலை எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ரூபாயின் மதிப்பை உணர்த்த இதைவிட நல்ல வழி இல்லை. தன் பெயர் பொறித்த கணக்குப் புத்தகம் ஒன்று, புதிய ஊரில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லும்.

அன்று அச்சிறுமி தாத்தா வீட்டு முகவரியையே எழுதினாள். சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்து, சேர்த்து வைத்த ஐந்நூறு ரூபாயைச் செலுத்தினாள். எதற்கான சேமிப்பு என்று கேட்டோம். அங்குள்ள தோழியைப் பார்த்து வர விமானச் சீட்டு வாங்க வேண்டும் என்றாள். தந்தை ஒரு கணம் மௌனமாக இருந்தார். பிறகு, "சேர்த்துக்கொண்டே வா, குறைவதை நான் போடுகிறேன்" என்றார்.