ஆங்கிலோ-சாக்சனியர் வாய்மொழி மரபும் மலையகமும்: ஓர் ஒப்புநோக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில் நாம் எதிர்கொள்ளும் ஊர்ப்பெயர்களுட் சில, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தம்முள் அடக்கியவை. இங்கிலாந்திலுள்ள ஹட்டன் என்னும் ஊர்களின் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'புதர்நிலக் குடியிருப்பு' எனப் பொருள்படும்; நோர்வூட் என்பது 'வடகாடு'. இச்சொற்களை வழங்கியோர் ஆங்கிலோ-சாக்சனியர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் துரைமார் தம் நாட்டுப் பெயர்களை இம்மலைகளுக்கு இட்டபோது அவை இங்கு வந்து சேர்ந்தன. துரைமாருட் பலர் ஸ்கொட்லாந்தியராதலின், கிளன்டில்ட் போன்ற கேலிக் மொழிப் பெயர்களும் உடன் வந்தன. நிலத்துக்குப் பெயரிடும் உரிமை எவரிடம் இருந்தது என்ற வினா, அந்நிலத்தின் உடைமை எவரிடம் இருந்தது என்ற வினாவினின்றும் பிரிக்க முடியாததாகும். இக்கண்ணோட்டத்திலேயே ஆங்கிலோ-சாக்சனியர் வரலாற்றையும் இலக்கியத்தையும் ஈண்டு சுருக்கமாக நோக்குகின்றோம்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம ஆட்சி பிரித்தானியாவிலிருந்து நீங்கியபின், ஆங்கிலர், சாக்சனியர், யூட்டர் ஆகிய ஜெர்மானியக் குழுவினர் வடகடலைக் கடந்து அங்கு குடியேறினர். 731இல் பீட் என்னும் துறவி எழுதிமுடித்த திருச்சபை வரலாறு இதனைக் கூறும் முக்கிய ஆதாரமாகும். குடியேறியோர் அங்கு முன்னரே வாழ்ந்த பிரித்தானியரைக் குறிக்க வழங்கிய சொல்லுக்கு 'அந்நியர்' என்பது பொருள். வேல்ஸ் என்ற நாட்டுப்பெயர் அதன் வழிவந்ததே. காலப்போக்கில் அதே சொல் அடிமையையும் குறிக்கலாயிற்று. வந்தவர் இருந்தவரை அந்நியர் என்றழைத்ததும், அச்சொல்லே அடிமைக்குப் பெயரானதும் வெறும் மொழியியற் செய்திகள் அல்ல. அவை உற்பத்தி உறவுகள் மொழியிற் பதித்துச் சென்ற சுவடுகள்.

இச்செய்தியைப் படிக்கும் மலையகத் தமிழர் எவரும் தம் வரலாற்றை நினையாதிருக்க முடியாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது; மஸ்கெலியாவும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதருட் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனினும் ஒப்புமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் தகாது. ஆங்கிலோ-சாக்சனியர் குடியேறிய நிலத்தின் உடைமையாளராயினர். மலையகத்துக்குக் கொணரப்பட்டோரோ காட்டை வெட்டிக் கோப்பியும், பின்னர் தேயிலையும் பயிரிட்டும், குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குக்கூட உரிமையற்ற கூலிகளாகவே வைக்கப்பட்டனர். பெயர்ந்துவந்த மக்கள் என்ற பொதுமையினும் இவ்வேறுபாடே அடிப்படையானது.

இலக்கியத் துறையிலேதான் ஒப்புநோக்கு பெரிதும் பயன்தருகின்றது. பழைய ஆங்கிலச் செய்யுள் இறுதி இயைபினால் அன்றி மோனையினால் அமைவது. ஒவ்வோர் அடியும் இரு பாதிகளாகப் பிரிந்து, தொடக்க ஒலியொப்புமையாற் பிணைக்கப்படும். எழுத்தறியாதோர் நினைவில் நிலைக்கவும் யாழோடு இசைக்கவும் ஏற்ற அமைப்பு இது. ஆங்கிலத்தில் பெயரறியப்பட்ட முதற் கவிஞராகக் கொள்ளப்படும் காட்மன் 7ஆம் நூற்றாண்டில் விற்பி மடத்துக் கால்நடைகளைப் பார்த்துவந்த எளிய உழைப்பாளி. விருந்தில் யாழ் தன்னிடம் வருமுன் நாணி எழுந்து செல்லும் இயல்பினர் அவர் என்றும், பாடும் ஆற்றல் அவருக்குக் கனவிற் கிடைத்தது என்றும் பீட் எழுதுகின்றார். அற்புதக் கதை என்ற போர்வையை நீக்கிப் பார்ப்பின், உழைப்பாளியின் குரல் ஏட்டில் ஏறிய அரிய கணம் ஒன்றை அங்கு காண்கின்றோம். 10ஆம் நூற்றாண்டின் எக்ஸிற்றர் ஏட்டில் தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைகளும், கணவனைப் பிரிந்த பெண்ணின் புலம்பலாக அமைந்த பாடலொன்றும் காணப்படுகின்றன.

தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும், கொழுந்தெடுக்கும் பெண்களின் பாடல்களும், காமன் கூத்து, பொன்னர்-சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் மலையக மக்களுக்கு உரியவை. மாசி மாதக் காமன் கூத்தில் தப்பொலிக்கு நடுவே ஊரே அரங்காகின்றது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியமை நாம் நன்றியுடன் நினைக்கவேண்டிய பணியாகும்.

ஆயின் ஒருவர் பணி போதுமா? 3,182 அடிகள் கொண்ட பெயோவுல்ஃப் என்னும் வீரகாவியம் ஒரேயொரு கையெழுத்துப் பிரதியினாலேயே எமக்குக் கிட்டியது. 1731ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகின. அன்று அது முற்றாக எரிந்திருப்பின் அப்படியொரு காவியம் இருந்ததென்பதையே உலகம் அறிந்திராது. மலையகத்தின் பல பாடல்களுக்கு அத்தகைய ஒற்றைப் பிரதியும் இல்லை. 1969இல் நிறைவுற்ற மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகர் அமிழ்ந்து கிடக்கின்றது. நீர்மட்டம் தாழும் காலங்களில் அதன் கட்டடச் சிதைவுகள் வெளித்தோன்றுகின்றன. மூதாட்டி ஒருத்தியுடன் மறைந்த பாடலோ எந்தக் கோடையிலும் மீண்டு தோன்றாது.

துரைமார் இட்ட பெயர்கள் நிலப்படத்தில் நிலைத்துவிட்டன. அவற்றினருகே தொழிலாளர் தமக்குள் வழங்கும் தோட்டப் பெயர்களும் உண்டு. அவற்றுட் பல எந்தப் படத்திலும் இல்லை. மலையக வரலாற்றின் இருநூறாண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டன. அந்நினைவு பொருளுடையதாக வேண்டுமாயின், தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது குறிப்பேட்டுடன் செல்லவேண்டும். காட்மனின் பாடலைக் கேட்டு எழுதிவைக்க ஒரு மடம் இருந்தது. எம் காட்மன்களுக்கு நாமே அம்மடமாதல் வேண்டும்.