இழை மாறிய இடம்

காஞ்சிபுரத்தில் காரப்பேட்டைக்கு வழி கேட்டால், எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்த ஊரில் பிறந்த அண்ணா புற்றுநோயால் மறைந்தது 1969-இல். அவர் பெயரைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

அண்ணா மறைந்த காலத்தில் குழந்தைக்கு ரத்தப் புற்று என்றால் பெற்றோரிடம் சொல்வதற்கு ஒரே செய்திதான் இருந்தது. எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு பிள்ளையின் புற்றுச் செல்லும் மற்றொரு பிள்ளையினுடையதும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தன. ஏன் ஒன்று பிழைக்கிறது, மற்றது பிழைப்பதில்லை என்று கேட்டால் தலைவிதி என்றார்கள்.

விதி எழுதப்பட்ட இடத்தைத் தேடும் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. மனிதச் செல்லில் குரோமோசோம்கள் 46 என்று சரியாக எண்ணியதே 1956-இல்தான். 1960-இல் பிலடெல்பியாவில் ஆய்வாளர்கள் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் ஒருவகை ரத்தப் புற்றில் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி அதன் காரணத்தைச் சொன்னார்: 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவதும் அறுந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. குரோமோசோம் படங்களை அவர் கத்தரித்து அடுக்கியது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் அறுந்த இழையை வேறோர் இழையோடு முடிந்துவிட்டால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும்.

இன்று பெற்றோர், அறிக்கையில் குரோமோசோமைச் சொல்லும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறார்கள். குரோமோசோம் 50-க்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. 44-க்குக் கீழே போனால் கவலை. 12-உம் 21-உம் துண்டு மாற்றிக்கொண்டது பழைய சாயத்தில் தெரியவே தெரியாது, 1990-களில்தான் பிடிபட்டது. அதுவும் நல்ல பக்கம்தான். இந்த நோயுள்ள நூறு பிள்ளைகளில் மூன்று நான்கு பேருக்கு வரும், அந்தக் குட்டைக் குரோமோசோம் கொண்ட பிலடெல்பியா வகையோ, ஒரு காலத்தில் மருத்துவர்களையே வாயடைக்க வைத்தது. இமாடினிப் என்ற மாத்திரையைக் கீமோதெரபியோடு சேர்த்த அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டு வரை நோய் திரும்பாதவர்கள் முன்பு நூற்றுக்கு 35, பின்பு 80.

ஆனால் நம் நாட்டின் முதல் பெரிய ஏற்றம் குரோமோசோமால் வந்ததல்ல. 1984 முதல் சென்னை அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதுவரை நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இருந்த பிழைப்போர் கணக்கு, 41 முதல் 60 வரை உயர்ந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து, ஒரே வரிசை. அந்த வரிசையில் நின்ற தாய்மார்கள் ஒருவருக்கொருவர் ஒரே தைரியத்தைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இன்று பக்கத்துக் கட்டில்காரியிடம் அறிக்கை எப்படி வந்தது என்று கேட்கவே தயங்குகிறார்கள்.

மாறாததும் ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவின் ஆய்வகம் தந்த மருந்தைத்தான் 1947-இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்கு முதலில் கொடுத்தார். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. மருத்துவமனையை விட்டு வந்த பிறகும், அறிக்கையில் எந்த எண் இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் அதைத் தேடி எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைக்கிறாள் தாய்.