பத்து ரூபாய் நோட்டும் பாட்டும்

‘புதிதாக ஸ்பீக்கர் வாங்கினேன். கூடவே ஒரு டேக்கும் வாங்கச் சொல்கிறார்கள். 3,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 3 லட்சத்துக்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றித் தருவது டேக். சிடி என்றால் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஒன்றைச் சொல்லும், இதுதான் 16 பிட். விலைக்கு முன்னால், இந்த மாற்றத்தில் எது கடினமாக இருந்தது, அது எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம்.

பழைய வழி, மின்தடைகளை ஏணிபோல் அடுக்குவது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 32,768 வரை போகும் 16 வகை நோட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகையையும் கொடுத்துவிடலாம். ஆனால் மிகப் பெரிய நோட்டின் மதிப்பில் ஒன்றிரண்டு குறைந்தாலே கீழே உள்ள சில்லறைக்கு அர்த்தம் போய்விடும். அத்தனை துல்லியமாக மின்தடை செய்வது பெரும்பாடு.

இதிலிருந்து தப்பிய வழிதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு மளிகைக் கடை. கல்லாவில் பத்து ரூபாய் நோட்டு மட்டும்தான். கடைக்காரர் உங்களுக்குத் தினமும் 3 ரூபாய் தர வேண்டும். அவர் பாக்கியைக் கூட்டிக்கொண்டே வருகிறார். அது 5 ரூபாயைத் தொட்டதும் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு, கூடுதலாகப் போனதை உங்கள் பேரில் பற்று எழுதுகிறார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பாக்கி 6. ஒரு நோட்டு வருகிறது, 4 ரூபாய் உங்கள் கடன். அடுத்த நோட்டு 5-ஆம் நாள், அதற்கடுத்தது 9-ஆம் நாள். பத்து நாளில் மூன்று நோட்டு, கச்சிதமாக 30 ரூபாய்.

தனியாக எந்த நாளைப் பார்த்தாலும் கணக்கு தப்பு. ஆனால் நாள் முடிவில் பாக்கியோ பற்றோ ஒருபோதும் 5 ரூபாயைத் தாண்டாது. அதனால் நூறு நாள் சராசரியில் பிழை 5 காசுக்கு மேல் போகாது. பிழை அழியவில்லை, அன்றாடத் துள்ளலுக்குள் ஒதுங்கிவிட்டது. டேக்கில் இந்த ‘நாள்’ நொடிக்குப் பல லட்சம் முறை வரும். துள்ளல் காது எட்டாத உயரத்துக்குப் போய்விட, ஒரு வடிகட்டி அதை நீக்கிவிடும். ஒரே வகை நோட்டு என்பதால் இன்னொன்றோடு பொருந்தாமல் போகும் பேச்சே இல்லை.

கடையை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம். முதல் கணக்கின் பாக்கிக்கே இரண்டாவது கணக்குப் புத்தகம் போட்டால் பிழை இன்னும் வேகமாக மேலே ஒதுங்கும். புத்தகங்கள் மிகுந்தால் கணக்கு நிலைகுலையும் அபாயமும் உண்டு. அதனால் இன்றைய டேக்குகள் பலவற்றில் ஒரு கல்லாவுக்குப் பதில் பல கல்லாக்கள். அவற்றின் நோட்டுகள் துளித்துளி வேறுபடும் என்பதால், எந்தக் கல்லாவின் குறையும் ஒரே இடத்தில் படியாதபடி முறை மாற்றி முறை மாற்றிக் கொடுக்க வைக்கிறார்கள்.

வரலாறு சுருக்கமாக: பிழையை அடுத்த கணக்கில் சேர்க்கும் யோசனைக்கு 1954-இல் பெல் ஆய்வகத்தின் கட்லர் காப்புரிமை கேட்டார். 1962-இல் ஜப்பானின் இனோசேயும் யாசுதாவும் அதை டெல்டா-சிக்மா என்ற முறையாக வளர்த்தார்கள். சிடி வந்தபோது பிலிப்ஸின் கையில் இருந்தது 14 பிட் சிப்தான். அதை நொடிக்கு 1,76,400 முறை ஓட்டி, பிழையை அடுத்த எண்ணுக்குத் தள்ளி, 16 பிட்டின் தரத்தைக் கொண்டுவந்தார்கள்.

ஆக, பொருளின் துல்லியம் தர வேண்டியதைக் காலத்தின் துல்லியம் தந்துவிட்டது. ஒரு குவார்ட்ஸ் படிகம் இருந்தால் காலத் துல்லியம் மலிவு. நல்ல டேக் மலிவானது இதனால்தான். பெட்டியில் ‘32 பிட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். மின்சுற்றின் வெப்ப இரைச்சலே 21 பிட் அளவில் தடுத்துவிடும். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும், எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டார்கள். 554 முறையில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சரியான விடை 52.3 சதவீதம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. கணினியோடு இணைத்ததும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் வந்தால் ஆப்டிகல் கேபிள் அதைத் துண்டிக்கும், எனவே அந்த வாய் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வெளியீடு 2 வோல்ட் அளவில் இருந்தால் போதும். ஹெட்போனும் மாட்டுவீர்கள் என்றால், டேக்கின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இரண்டை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் மல்டிமீட்டரால் அளந்து ஒலியளவைச் சமமாக்குங்கள். துளி சத்தம் கூடினாலும் அதுவே இனிமையாகத் தோன்றும், கடைகளில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

சில ஆயிரம் ரூபாயில் ஒழுங்கான டேக் ஒன்றை வாங்கிவிட்டு, மீதிப் பணத்தில் ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டாலும் கேட்கும்.